பிணவறைக் கணினி கேட்ட கேள்வி

மருத்துவமனை முழுவதற்கும் அவள் கம்பி அக்கா. இளவயதில் ஏணியும் துளைக்கருவியுமாக வந்து, கூரைப் பலகைகளுக்கு மேலே ஊர்ந்து ஊர்ந்து அந்தக் கட்டடத்தின் முதல் நெட்வொர்க் கம்பியை இழுத்தவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பிறகு வேலை பார்த்துக்கொண்டே படித்தாள், தேர்வு எழுதினாள், சர்வர் அறைக்குப் பொறுப்பாளரானாள். பெயர் மட்டும் மாறவில்லை. பெரிய டாக்டர்கள்கூட, "கம்பி அக்காவக் கூப்பிடுங்க, திரையில என்னமோ வருது" என்பார்கள். கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தார், அவளைக் கண்டால் விடமாட்டார். "அக்கா இருக்கிற வரைக்கும் இந்த ஆஸ்பத்திரியில கம்பி எண்ணுறது அவங்க மட்டும்தான்" என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் தானே சிரித்துக்கொள்வார்.

அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. தான் போடாத கம்பியைத் தான் பிடுங்கக் கூடாது. வேலைக்கு வந்த புதிதில், பயனில்லாமல் தொங்குகிறது என்று நினைத்து ஒரு கம்பியை உருவிவிட்டாள். அது குழந்தைகள் வார்டின் அழைப்பு மணிக்குப் போகிற கம்பி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் தலைமை நர்ஸிடம் அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதை அவள் மறக்கவில்லை. அதன் பிறகு, எங்கிருந்து வருகிறது எங்கே போகிறது என்று தெரியாத கம்பியைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். இத்தனை வருடம் அந்தக் கொள்கை அவளைக் காப்பாற்றியது.

அந்த வருடம் புறநோயாளிகள் பதிவு மாடிக்குப் புதுக் கணினிகள் வந்திறங்கின, நாற்பதுக்கும் மேல். எல்லாம் வெறும் வயிறு. உள்ளே ஒன்றும் கிடையாது. ஒவ்வொன்றிலும் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து, அது கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் தட்டிக்கொண்டிருந்தால் தலை நரைத்துவிடும். அதற்காக அக்கா வைத்திருந்த ஏற்பாடு, கம்பி வழியாகவே ஏற்றுவது. வெறும் கணினிக்கு மின்சாரம் கொடுத்தால் அது நெட்வொர்க்கில் குரல் கொடுக்கும்: எனக்கு முகவரி இல்லை, யாராவது இருக்கிறீர்களா? அக்காவின் சர்வர் பதில் சொல்லும்: இருக்கிறேன், இந்தா உன் முகவரி, இந்தா நீ ஏற்றிக்கொள்ள வேண்டியது. கூடவே பதில் கோப்பு ஒன்று போகும். எந்த மொழி, எந்த நேரம், என்ன கடவுச்சொல் என்று கணினி கேட்கப்போகிற எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த பதில்கள். அதில் ஒரு கேள்வி, கணினி எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற ஹார்ட் டிஸ்க் வட்டில் இருப்பதையெல்லாம் அழிக்கலாமா என்பது. பதில், ஆம். மனிதர் உட்கார்ந்திருந்தால் கை ஒரு கணம் தயங்கும் இடம் அது. கோப்புக்குத் தயக்கம் கிடையாது.

அதற்காகத்தான் ஒரு காவலும் வைப்பது வழக்கம். எந்தெந்தக் கணினிக்குப் பதில் சொல்லலாம் என்று அவற்றின் நெட்வொர்க் எண்களைப் பட்டியல் போட்டு சர்வரிடம் கொடுத்துவிடுவாள். இந்த முறை, கணினி அனுப்பியவர்கள் பெட்டிகளையும் ஒட்டுச்சீட்டுகளையும் மாற்றிப் போட்டிருந்தார்கள். சீட்டில் ஒரு எண், உள்ளே வேறு எண். சர்வர் தெரியாத முகம் என்று சொல்லி வரிசையாகத் திருப்பி அனுப்பியது. நிர்வாக அதிகாரி மாடிக்கு வந்து வந்து போனார். "திங்கட்கிழமை இந்த மாடி திறந்தாகணும். ஜனங்க படிக்கட்டு வரைக்கும் நிக்கிறாங்க. புரியுதா?" புரிந்தது. அக்கா பட்டியலை எடுத்துவிட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடு என்று சர்வருக்குச் சொல்லிவிட்டாள். இந்த நெட்வொர்க்கில் அந்தப் புதுக் கணினிகளைத் தவிர வேறு யார் கேட்கப்போகிறார்கள் என்பது அவள் எண்ணம்.

அப்போதும் பாதிக் கணினிகள் ஏறவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று எழுதிக் காட்டிவிட்டு நின்றன. சர்வரிலோ, அவை கேட்டதற்கான தடமே இல்லை. கம்பியை மாற்றினாள், முனையை மாற்றினாள், கணினியையே மாற்றினாள். கடைசியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, படிக்கட்டுத் தளத்து அலமாரியில் இருந்த, கம்பிகளையெல்லாம் இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணினி விழித்ததும் அதற்குரிய விளக்கு மஞ்சளாக எரிந்தது. வெகுநேரம் மஞ்சளாகவே இருந்தது. பிறகுதான் பச்சை. அப்போது அவளுக்குப் பிடிபட்டது. புதிதாக யாராவது செருகப்பட்டால், கம்பி எங்காவது சுற்றிக்கொண்டு தன்னிடமே திரும்பி வருகிறதா என்று ஆராய்ந்த பிறகே அந்தப் பெட்டி வழி விடும். கணினிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கடை திறப்பதற்கு முன்னே வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகிற ஆள் மாதிரி, கேட்டுவிட்டுப் போய்விடுகிறது.

நோய் தெரிந்துவிட்டது, மருந்து கையில் இல்லை. அந்தப் பெட்டிக்குள் நுழைந்து அமைப்பை மாற்றக் கடவுச்சொல் வேண்டும். அதை வைத்துவிட்டுப் போன நிறுவனம் கடையைக் கட்டி வருடங்கள் ஆகின்றன. அதே அலமாரியின் அடித்தட்டில், தூசு படிந்த பழைய ஸ்விட்ச் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அறிவில்லாத பெட்டி; ஆராய்ச்சி எதுவும் செய்யாது, செருகியவுடன் வழி விடும். அக்கா தன் கம்பிகளைப் பகுதி பகுதியாக அறிவுள்ள பெட்டியிலிருந்து உருவிப் பழைய பெட்டியில் செருகினாள். மாடியில் கணினிகள் ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன.

பழைய பெட்டியில் ஏற்கெனவே ஒரு கம்பி இருந்தது. சாம்பல் நிறம், விறைத்துப்போனது, தரையில் ஒரு துளை வழியாகக் கீழே இறங்கியது. வரைபடத்தில் அது இல்லை. அதன் விளக்கு எரியவில்லை. செத்த கம்பி. அக்கா அதன் முனையில் விரல்களை வைத்தாள். அப்போது படிக்கட்டின் அடியிலிருந்து பேச்சுக் குரல் வந்தது.

"மெஷின அணைச்சுட்டேன்மா. நாளைக்குக் காலையில வாங்க."

"ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுங்கண்ணே. கடைய மூடிட்டு ரெண்டு பஸ் மாறி வர்றேன்."

"போட்டா எழுந்திருக்க நேரமாகும். கிழட்டு மெஷின். அதுவும் என்ன மாதிரிதான், ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழும்பும்."

"என் தம்பி படம் இருக்கா இல்லையான்னு பாத்தாப் போதும்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

"இருந்தா எங்கேயும் போயிடாதும்மா. இங்க வந்தவங்க யாரும் எழுந்து போனதில்ல." சொன்ன பிறகு சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும், குரல் இறங்கியது. "இல்லாம இருக்கட்டும்னுதாம்மா நானும் நினைக்கிறேன். காலையில வாங்க."

அந்தக் குரல் சாவிக்காரருடையது. தரைக்குக் கீழே இருந்த பிணவறையின் பொறுப்பாளர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். எதையும் பூட்டாமல், அணைக்காமல் அவர் வெளியே வந்ததில்லை. யாரும் தேடி வராத உடல்களைப் படம் எடுத்து வைப்பதும் அவர் வேலை. குறிப்பிட்ட காலம் காத்திருந்துவிட்டு, நகராட்சி இடுகாட்டில் எண் பொறித்த கல் நட்டுப் புதைத்துவிடுவார்கள். அந்தக் கல்லின் எண்ணையே படத்துக்குப் பெயராகத் தட்டி வைப்பார் சாவிக்காரர். இடுகாட்டுப் பதிவில் கல்லின் எண், புதைத்த தேதி, ஆணா பெண்ணா, சுமாராக என்ன வயது என்பது மட்டும் இருக்கும். எந்த முகம் எந்தக் கல்லுக்கு அடியில் என்பது அந்தக் கணினிக்கு மட்டுமே தெரியும். பிணவறை வேறு துறையின் கீழ் வந்ததால் அக்காவின் பொறுப்பில் அது இல்லை. அந்தப் படங்களுக்கு நகல் எடுத்து வைக்க யாரும் சொல்லவும் இல்லை.

அக்கா விரல்களை எடுத்துக்கொண்டாள். தான் போடாத கம்பி. இருந்துவிட்டுப் போகட்டும். மிச்சத்தைக் காலையில் முடிக்கலாம் என்று சர்வரை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் அவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை, சாவிக்காரர் படியேறி வந்துவிட்டார்.

"தங்கச்சி, என் மெஷின் வேஷம் மாறிப்போச்சு. வணக்கம் சொல்லி வரவேற்குது. பேர் கேக்குது, கடவுச்சொல் கேக்குது. நான் இத்தன வருஷமா அதுகூடப் பழகுறேன், என்ன யாருன்னு கேக்குது."

அக்கா கைப்பையை மேசையில் போட்டாள். இரண்டிரண்டு படியாக இறங்கினாள். திரையில் நின்றது அவளே வடிவமைத்த முகப்பு. பதிவு மாடிக் கணினிகள் எல்லாவற்றிலும் நிற்கிற அதே முகப்பு.

"எதையும் தொடாதீங்க" என்று சொல்லி, சுவரில் இருந்த பொத்தானை அவளே அணைத்தாள். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "காலையில வந்ததும் என்ன செஞ்சீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்கண்ணே" என்றாள்.

"என்ன செய்வேன், எப்பவும் செய்யறதுதான். சுவத்துல போட்டேன். கறுப்புத் திரையில ஏதோ எழுத்து வந்து நிக்கும், ஒரு பொத்தான அமுக்கச் சொல்லும், அமுக்கினேன். அப்புறம் கொஞ்ச நேரம் ஏதோ தேடும். தேடி முடிச்சிட்டு எழும்பும். இன்னிக்குத் தேட ஆரம்பிச்சதும் சர்ருனு என்னென்னமோ ஓடிச்சு. நான் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டேன்."

"அந்தக் கறுப்புத் திரை தினமுமா வரும்?"

"வருஷக்கணக்கா வருது."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"அமுக்கினா எழும்புது. இதப் போய் யார்கிட்ட சொல்றது?"

அக்கா திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே, சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு மின்கலம் உப்புப் பூத்துச் செத்துக் கிடந்தது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினிக்குத் தன் நினைவை வைத்துக்கொள்ள அந்தச் சின்ன மின்கலம்தான் துணை. மற்றவர்கள் கணினியை மட்டும் அணைத்துவிட்டுப் போவார்கள். சாவிக்காரர் சுவரோடு அணைப்பார். அதனால் ஒவ்வொரு மாலையும் அது எல்லாவற்றையும் மறந்தது. முதலில் சொந்த வட்டைப் பார் என்று யாரோ சொல்லி வைத்ததையும் மறந்தது. ஒவ்வொரு காலையும் தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்தது போல, நெட்வொர்க்கைப் பார்த்துக் கேட்டது: யாராவது இருக்கிறீர்களா? வருடக்கணக்காகக் கேட்டது, வருடக்கணக்காக யாரும் பதில் சொல்லவில்லை. சரி என்று தன் வட்டுக்குத் திரும்பி வேலையைப் பார்த்தது. அக்காவின் கம்பிகள் பழைய பெட்டிக்கு மாறியிருந்ததால் இன்று காலை பதில் கிடைத்துவிட்டது, வட்டை அழிக்கலாம் என்கிற ஆமோடு சேர்த்து. சுவரோடு அணைத்திருந்ததால்தான் நேற்று மாலை, இந்தக் கணினிக்கு இறங்கி வருகிற அந்தச் சாம்பல் கம்பியின் விளக்கும் எரியவில்லை.

அந்தப் பெண் சொன்னபடி காலையிலேயே வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். ரவிக்கைத் தோளில் ஊசி குத்தியிருந்தது, நூலோடு. தன் ஊரில் ஒரு தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள். தம்பி லாரியில் சுமை ஏற்றப் போனவன். மழைக்காலத்துக்குப் பிறகு அவனிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. கடைசியாக இந்த ஊரில் இறங்கினான் என்று போன வாரம்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாவிக்காரர் அவளிடம் மெஷின் ரிப்பேர் என்றார். எப்போது சரியாகும் என்றாள். சாவிக்காரர் அக்காவைப் பார்த்தார்.

"ஒரு வாரம் கொடும்மா" என்றாள் அக்கா.

நிர்வாக அதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அந்த ஆள் ஒழுங்கா அணைக்காம மெஷினக் கெடுத்துட்டான்னு எழுதிடலாம். இன்னும் கொஞ்ச நாள்ல வீட்டுக்குப் போறவன்."

"அழிச்சது நான் சார்."

"உங்கள யாரு கேட்டா? அங்க இருக்கிறவங்க யாரும் புகார் கொடுக்கப் போறதில்ல. நீங்க மாடியப் பாருங்க."

"அவர் பேர எழுதினா, நான் வேற ஒண்ணு எழுதிக் கொடுப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அதன் பிறகு அதிகாரி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் யார் பெயரையும் எழுதவும் இல்லை.

வட்டைக் கழற்றி, அதில் இனி ஓர் எழுத்தும் விழாதபடி வைத்து, முழுவதையும் வேறொன்றுக்கு நகலெடுத்தாள். புது லினக்ஸ் வட்டின் முன்பகுதியில்தான் உட்கார்ந்திருந்தது. அதற்கு அப்பால், படங்கள் சிதறிக் கிடக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு படக் கோப்பின் தொடக்கத்திலும் மாறாத ஓர் அடையாளம் இருக்கும். அதைத் தேடி, கிடைத்த இடத்திலிருந்து பிய்த்து எடுக்கிற மென்பொருளை ஓடவிட்டாள். படங்கள் வந்தன. சில முழுதாக, சில பாதிக்கு மேல் சாம்பல் பட்டையாக. ஆனால் பெயர்கள் வரவில்லை. எந்தப் படத்துக்கு என்ன பெயர் என்கிற அட்டவணை வட்டின் முன்பகுதியில் இருந்தது. அதன் மேல்தான் புதுசு ஏறியிருந்தது.

"படத்துக்குள்ளேயே தேதி இருக்குமே அண்ணே, எடுத்த தேதி. அத வச்சுப் பாத்தா புதைச்ச வரிசையக் கண்டுபிடிச்சிடலாம்."

தேதி இருந்தது. எல்லாப் படத்திலும் ஒரே தேதி, கேமரா தொழிற்சாலையில் செய்யப்பட்ட வருடத்தின் முதல் நாள்.

"கேமராவுல பேட்டரிய வச்சா ஒழுகிடும்னு, எடுத்து முடிச்சதும் கழட்டிப் பூட்டி வச்சிடுவேன்" என்றார் சாவிக்காரர். கேமராவும் ஒவ்வொரு முறையும் தேதியை மறந்திருந்தது.

"உங்களுக்கு ஞாபகம் இருக்குமா? முகத்தப் பாத்தா?"

"முகம் எல்லாம் ஞாபகம் இருக்கு தங்கச்சி. அதுதான் கஷ்டம். நம்பர் ஒண்ணும் இல்ல."

வாரம் முடிந்து தையல்காரி வந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். பார்க்கக் கூடாததைப் பார்க்கிற மாதிரி இல்லை அவள் பார்வை. துணியில் பழுது தேடுகிற மாதிரி நிதானமாக இருந்தது. முகம் ஊதி உருத்தெரியாமல் போயிருந்த ஒரு படத்தில், "நிறுத்துங்க" என்றாள். சட்டையின் கழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாள்.

"காலர் இது. சுமை தூக்கித் தூக்கி விளிம்பு கிழிஞ்சிருந்துச்சு. பிரிச்சு, உள்பக்கத்த வெளியில திருப்பி வச்சு நான்தான் தைச்சேன். அதே நூல் கிடைக்கல. பாருங்க, நூல் ஒரு சாயம் கூடுதலா இருக்கு." விரலால் திரையைத் தொட்டாள். "இவன்தான்."

அழவில்லை. தண்ணீர் கேட்டாள், குடிக்கவில்லை. பிறகு கேட்டாள்: "எங்க வச்சிருக்காங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் சாவிக்காரர், "நாளைக்கு இடுகாட்டுல விசாரிச்சுச் சொல்றோம்மா" என்றார். அவள் போனதும் கதவருகே நின்று குரலைத் தாழ்த்தினார். "ஒரு நம்பரச் சொல்லிடலாம் தங்கச்சி. எனக்கு ஞாபகம் இருக்குன்னு நானே சொல்றேன். யாரு தோண்டிப் பாக்கப் போறா? அந்தப் பொண்ணுக்கு ஒரு கல்லு கிடைக்கும். உனக்கும் எனக்கும் என்ன குறைஞ்சிடும்?"

அன்று வீட்டில் அக்கா தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். இருபது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் தம்பியா இருந்தா உனக்கு எது வேணும்?" என்றார்.

"தெரியலையே."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு எது வேணும்னு நீங்க ரெண்டு பேரும் ஏன் முடிவு பண்றீங்க?" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அக்கா இடுகாட்டுப் பதிவைப் பார்த்துவிட்டு வந்தாள். மழைக்காலத்துக்குப் பிறகு புதைக்கப்பட்டவர்களில், சுமார் முப்பது வயது ஆண் என்று எட்டுப் பேர். தையல்காரியை உட்காரவைத்துச் சொன்னாள். கம்பியைச் சொன்னாள், பதில் கோப்பைச் சொன்னாள், பட்டியலை எடுத்ததைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அதில் பாதி புரியவில்லை. "அழிச்சது நான்தாம்மா" என்றது புரிந்தது.

"எட்டுல ஒண்ணு."

"ஆமா."

"தோண்டிப் பாக்க முடியாதா?"

"கோர்ட்ல கேக்கணும். ரொம்ப மாசம் ஆகும். உங்க ரத்தத்த எடுத்துச் சோதிப்பாங்க. எட்டையும் தோண்ட வேண்டியிருக்கும்."

"இவனுக்காக மத்தவங்களையும் எழுப்பணும்." தையல்காரி மடியில் இருந்த பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள். சாவிக்காரர் கொத்தைச் சத்தம் வராமல் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"நீங்க ஏதாவது ஒரு நம்பர் சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள். "நான் நம்பியிருப்பேன்."

"தெரியும்மா."

"அந்த அண்ணன் சொல்லியிருப்பாரு."

சாவிக்காரர் தரையைப் பார்த்தார். அக்கா மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தாள். அதைக் கேட்டால் அந்தப் பெண் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

"எங்கம்மா வீட்டுல உக்காந்திருக்காங்க" என்றாள் தையல்காரி. "அவங்ககிட்ட எட்டுன்னு எப்படிச் சொல்றது? நான் தெரிஞ்சுக்கிட்டேன், சரி. எனக்கு இனி எட்டும்தான். அம்மாவுக்கு ஒண்ணு போதும். அந்தப் படத்தக் காலர் வரைக்கும் மட்டும் வெட்டிக் குடுங்க, முகம் வேணாம். பின்னால ஒரு நம்பர எழுதிடுங்க."

அக்கா காலர் பகுதியை அச்செடுத்தாள். வெட்டி ஓரம் நேராக்கினாள். பேனாவை எடுத்துக்கொண்டு, "எந்த நம்பர எழுத?" என்றாள்.

தையல்காரி சாவிக்காரர் பக்கம் திரும்பினாள். "வாசலுக்குப் பக்கத்துல இருக்கிறது எதுண்ணே? அம்மாவால ரொம்ப தூரம் நடக்க முடியாது."

சாவிக்காரர் கண்ணை மூடி, இடுகாட்டு வாசலிலிருந்து வரிசை வரிசையாக மனதுக்குள் நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார். அக்கா அந்த எண்ணைப் படத்தின் பின்புறம் எழுதிக் கொடுத்தாள். மை காயும் வரை தையல்காரி அதைக் கவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.